திருக்கைக் கிடாரும் ஐந்து பூனைகளும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து ஈர மணலில் நண்டு நடந்த மாதிரி இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அந்த ஐந்தாம் வகுப்பிலும் பாதி நாள் இறால் பிடிக்கப் போய்விட்டேன். எழுத்துப் பிழைகளை ஒன்பதாவது படிக்கும் என் மகள் குமாரி திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் திருத்திய பிறகும் பிழை இருந்தால் அது அவளுடைய பிழை.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் எழுத வேண்டும் என்றால், ஜமால்தான் காரணம். என் சிநேகிதன். பழவேற்காடு கடைத்தெருவில் மைக் செட் வைத்திருக்கிறான். நான் கிடார் செய்த கதையை அவன் பதினாறு வருடமாக ஒவ்வொரு கல்யாணத்திலும் மைக்கில் சொல்லிக்கொண்டு வருகிறான். (மைக் அவனுடையது, யார் தடுப்பது?) அவன் கதையில் பூனைகள் பதினேழு. போன மாதம் இருபத்திரண்டு ஆகிவிட்டது. இப்படியே விட்டால் என் பேரப்பிள்ளைகள் காலத்தில் புலி வந்துவிடும். உள்ளது உள்ளபடி எழுதி வைத்துவிடுகிறேன். பூனைகள் ஐந்து.

நான் கூச்சக்காரன். சாதாரணக் கூச்சம் இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு இலை போட மறந்துவிட்டார்கள். சொல்ல வெட்கப்பட்டு, இலை இல்லாமலேயே கடைசி வரை உட்கார்ந்திருந்து, மற்றவர்களோடு எழுந்து போய்க் கையையும் கழுவிக்கொண்டு வந்தவன் நான்.

தொழில் படகு கட்டுவது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஏரிக்கு நடுவே இருக்கிற பசியாவரத்தில் கோவிந்தசாமி என்பவருக்குப் புதுப் படகு கட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மாத வேலை. அவருடைய மகள் அஞ்சலை தினமும் மோர் கொண்டுவந்து ஊற்றுவாள். மூன்று மாதத்தில் நான் அவளிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "போதும்." அதையும் சில நாள் சொல்ல முடியாமல் மோர் வழிந்து முழங்கை வரை போயிருக்கிறது.

படகு முடியும் தறுவாயில் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்ட என் அம்மா, பெண் கேட்கப் போனாள். கோவிந்தசாமி சொன்ன பதிலை அம்மா வந்து அப்படியே ஒப்பித்தாள்.

"கை வேலக்காரன்தான், ஒத்துக்கிறேன். ஆனா வாய் இல்லியேம்மா. நாளைக்கு கரையில பங்கு போட சொல்லோ எவனாவது இவன் மீனை அள்ளிக்கினு போனா இன்னா பண்ணுவான்? கும்பிடு போடுவானா? நாலு பேரு முன்னாடி ஒருவாட்டி நிக்கட்டும், அப்பால பேசலாம்."

அதோடு விடவில்லை. படகு இறக்கும் அன்றைக்குச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வேறொரு மாப்பிள்ளையும் வருகிறான், அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு இருபது நாள் இருந்தது.

நான் போய் ஜமாலிடம் நின்றேன். ஜமாலுடைய குடும்பம் ஒரு காலத்தில் கப்பலில் துணி ஏற்றிய குடும்பம். ஜமால் காலத்துக்கு வரும்போது அது ஒரு ஆம்ப்ளிபையர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு கார் பேட்டரி என்று சுருங்கியிருந்தது. அவனுக்குப் பாடவும் ஆசை. மோளம் வாசிக்கத் தாஸ் என்று ஒருவனைச் சேர்த்துக்கொண்டு இன்னிசைக் குழு நடத்திக்கொண்டிருந்தான்.

"அதே படகு இறக்கத்துக்குத்தான்டா எங்க குழுவும் வருது," என்றான். "நீயும் வா. நாலு பேரு இன்னா, நானூறு பேரு முன்னாடி நில்லு."

"பாடணுமா?" என்று கேட்டேன்.

"நீ பாடினா படகு திரும்பிக் காட்டுக்கே போயிடும். கிடார் வாசி. வாயே தொறக்க வேணாம்."

கிடார் என்று அவன் சொன்னது ஒரு கழுத்து. சென்னையில் பழைய சாமான் கடையில் வாங்கியிருந்தான். கழுத்து, ஆறு கம்பி, கம்பிக்கு அடியில் வைக்கிற காந்தக் கட்டை, கொஞ்சம் ஒயர், அவ்வளவுதான். உடம்பு எங்கேயோ உடைந்து போய்விட்டதாம். மின்சாரக் கிடாருக்கு வயிறு காலியாக இருக்கத் தேவையில்லை, முழுப் பலகையே போதும் என்று அவன் விளக்கினான்.

"படகுக்கே உடம்பு குடுக்கிறவன் நீ. இதுக்குக் குடுக்க மாட்டியா?"

படகில் மிஞ்சிய இலுப்பைப் பலகை இருந்தது. அதிலேயே முதல் உடம்பை அறுத்தேன். கழுத்தில் மாட்டியதும் எனக்கு முதுகு வளைந்து, யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றேன். ஜமால் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கிடாரா நைனா, நங்கூரமா?" என்றான்.

அப்போதுதான் ஐஸ் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மிஷின் வந்திறங்கியது. மிஷினைப் பிரித்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அது வந்த கள்ளிப்பெட்டி வெளியே கிடந்தது. வாட்ச்மேனுக்கு ஒரு கூடை நண்டு கொடுத்தேன். பெட்டியோடு ஆணிகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கள்ளிப்பலகை என்றால் எங்கள் தொழிலில் கேவலம். தக்காளிக்குப் பெட்டி அடிக்கிற மரம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். ஊர்க்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். "இன்னா தேசப்பா, அடுத்த படகு தக்காளிக்கா?" பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எழுத்தைப் படித்துவிட்டு ஜமால்தான், "டேய், இது பைன் மரம்டா, சீமைச் சரக்கு," என்று எனக்குக் கொஞ்சம் மரியாதை வாங்கிக்கொடுத்தான்.

இழைத்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். இழைப்புளி தண்ணீரில் போகிற மாதிரி போனது. சீவல் சுருள் சுருளாக விழுந்தது. மருந்துக்கடையும் கோயிலும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. மூன்று பலகைகளை வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, மேலே கல்லை ஏற்றி, காய்ந்த பிறகு அறுத்தேன். கிடார் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஜமால் ஒரு காலண்டர் படத்தைக் காட்டினான். அந்தப் படத்தில் கிடாரின் பாதியை ஒரு பெண்மணி மறைத்துக்கொண்டிருந்தார். மறைந்த பாதியை நான் எனக்குத் தெரிந்த உருவத்தில் முடித்தேன். கழுத்தைப் பொருத்திச் சுவரில் சாய்த்து வைத்ததும் என் அம்மா வந்து பார்த்தாள்.

"எதுக்குடா திருக்கை மீனைச் சுவத்துல சாய்ச்சு வெச்சிருக்கே?"

உண்மையிலேயே திருக்கைதான். இரண்டு பக்கமும் செட்டை, நீளமாக வால். மரத்தில் கிளை முளைத்த இடத்துக் கணு இரண்டும்கூடச் சரியாகக் கண் இருக்க வேண்டிய இடத்திலேயே அமைந்துவிட்டன.

ஒரு குறை. உடம்பு அவ்வளவு லேசாக இருந்ததால், கையை எடுத்தால் கழுத்து தொப்பென்று கீழே தொங்கியது. இதற்கு மருந்து எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள் எட்டை எடுத்து, கிடாரின் அடிப்பக்கம் வரிசையாக வைத்து ஆணி அடித்தேன். தராசு மாதிரி நின்றது.

ஜமால் ஒயரைச் சொருகினான். நான் ஒரு கம்பியைத் தொட்டேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கரையில் நின்ற கொக்குகள் எழும்பின. மீன் கூடையோடு போன பெண்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். தக்காளிப் பெட்டி மரத்துக்குள் இத்தனை நாள் இது எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. ஜமால் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "ஷோக்கா இருக்குதுடா. இலுப்பை ஊமை. இது பேசுது." நான் மறுபடி தொட்டேன். மறுபடி தொட்டேன். அன்று சாயங்காலம் வரை ஒரே கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

கழுத்தில் மூன்று இடத்தில் வலை நூலால் முடிச்சுப் போட்டுக்கொடுத்தான் ஜமால். மாற்றி மாற்றி அந்த மூன்று இடத்தையும் தொட்டால் அவன் பாடுகிற எந்தப் பாட்டுக்கும் பொருந்துமாம். (அவன் எல்லாப் பாட்டையும் ஒரே மாதிரிதான் பாடுவான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.) நான் கற்றுக்கொண்டேன். நன்றாகவே வாசித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் நான் படகு கட்டுகிறவன். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தேன். ஏரியைத் தாண்டப் போகிற மரம். எண்ணெய் பார்க்காத மரம். எங்கள் கையில் எந்தப் பலகையும் எண்ணெய் குடிக்காமல் தண்ணீர்ப் பக்கம் போனதில்லை. போனால் புழு அரிக்கும். கை தானாகச் சுறா எண்ணெய்ச் சட்டியை எடுத்துவிட்டது.

இலுப்பை மரம் ஒரு கை எண்ணெய் குடிக்கும், போதும் என்று நின்றுவிடும். பைன் நிற்கவில்லை. தடவத் தடவக் குடித்தது. சீமையிலிருந்து வந்த களைப்பு என்று நினைத்து மறுபடி ஊற்றினேன். சட்டி காலியானது. மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். எண்ணெய் மேல் பெயிண்ட் காயாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அஞ்சலை சிவப்புப் பாவாடை கட்டிக்கொண்டு வந்த ஒரு நாள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

விழா அன்று காலை படகுத் துறையில் ஜமால் கிட்டே வந்தான். மூக்கைப் பொத்தினான்.

"இன்னாடா பண்ணே?"

"எண்ணெய் வெச்சேன்."

"கிடாருக்கா?"

"புழு வராது."

எனக்கு வாசனையே தெரியவில்லை. எங்கள் ஊரில் சுறா எண்ணெய் வாசனை வராவிட்டால்தான் தெரியும். ஜமால் தலையில் அடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த அத்தர் சீசாவை எடுத்து முழுவதையும் கிடார் மேல் கொட்டினான். சுறாவுக்குக் கல்யாணம் என்று சொன்னால் நம்புகிற மாதிரி ஆனது.

பசியாவரத்தில் புதுப் படகு கரையில் பனங்கட்டைகள் மேல் நின்றது. மாவிலை, மாலை, மஞ்சள் குங்குமம். அது சரியாமல் இருக்க அடியில் ஒரு ஆப்பு. அதை அடித்து வைத்தவன் நானே. நல்ல நேரத்தில் கற்பூரம் காட்டி, பூசணி உடைத்து, கோவிந்தசாமி தன் கையால் அந்த ஆப்பைத் தட்டி எடுக்க வேண்டும். அதுவரை படகின் மேல்தட்டுதான் எங்களுக்கு மேடை. ஆம்ப்ளிபையர் மணலில். ஜமால் முன்னால், தாஸ் நடுவில், நான் ஓரத்தில். ஜமாலின் வெள்ளைப் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் எனக்கு இரவல். கீழே நானூறு பேர். அஞ்சலை தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில். அவளுக்கு எதிரில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சுண்ணாம்புக்குளத்து மாப்பிள்ளை. கோவிந்தசாமி கற்பூரத் தட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பாட்டு அமர்க்களம். நான் மூன்று முடிச்சையும் தவறாமல் தொட்டேன். கோவிந்தசாமியின் தலை லேசாக ஆடியது. அஞ்சலை சிரித்தாள். இரண்டாவது பாட்டு ஆரம்பித்தபோது வெயில் ஏறிவிட்டது. பைன் குடித்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. என் காலடியில் ஒரு மஞ்சள் பூனை வந்து உட்கார்ந்தது.

நானூறு பேர் முன்னால் பூனையை விரட்டுவது எப்படி? சூ என்று சொன்னால் எல்லாரும் பார்ப்பார்களே. நான் அதைப் பார்க்காத மாதிரி வாசித்தேன். அது பேன்ட்டில் ஏறியது. இரண்டாவது பூனை வந்து முதல் பூனையின் மேல் ஏறியது. மூன்றாவது எனக்கு முன்னால் தாவி, கம்பிகள் மேல் நான்கு காலையும் வைத்தது. குழாய் ஸ்பீக்கரில் ஒரு சத்தம் வந்தது. ஜனங்கள் அது வாசிப்பின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"விடாதடா, மஜாவா இருக்குது," என்று திரும்பாமலே சொன்னான் ஜமால்.

நான்காவதும் ஐந்தாவதும் வந்தன. சிவப்புப் பெயிண்ட் சட்டையில், பேன்ட்டில், பூனைகளில். கொலை நடந்த இடம் மாதிரி இருந்தேன். ஆனாலும் நான் அசையவில்லை. அஞ்சலைக்காக நின்றேன் என்று சொல்ல ஆசைதான். வெட்கத்தில் நகர முடியாமல் நின்றேன் என்பதே உண்மை.

அப்போது மேலேயிருந்து பருந்து இறங்கியது.

அதன் மேல் தப்பில்லை. ஆகாயத்திலிருந்து பார்த்தால் ஒருவன் பெரிய திருக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அது அடித்த அடியில் நான் பின்னால் சாய்ந்தேன். எண்ணெயில் ஊறிய மரம் ஆணியைப் பிடிக்குமா? ஈயக்குண்டு எட்டும் உதிர்ந்தன. ஆறு தாஸின் மோளத்தில் விழுந்தன, அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவன், யாரோ உற்சாகமாகக் கூட வாசிக்கிறார்கள் என்று இன்னும் வேகமாக வாசித்தான். கிடாரின் கழுத்து ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்தது. உடம்பைக் கட்டிப் பிடித்தபடி நான் படகிலிருந்து மணலில் விழுந்தேன். விழுந்த வேகத்தில் என் கால் போய் ஆப்பில் இடித்தது.

நான் நல்ல வேலைக்காரன். நான் வைத்த பனங்கட்டை நன்றாக உருளும். படகு கற்பூரத்துக்குக் காத்திராமல், பூசணிக்குக் காத்திராமல், ஜமால், தாஸ், ஐந்து பூனைகளோடு ஏரிக்குள் இறங்கிப் போய்விட்டது. துடுப்பு இல்லை, சுக்கான் இன்னும் மாட்டவில்லை. நீர் வடிகிற நேரம். இழுப்பு நேராக முகத்துவாரத்துக்கு. அதைத் தாண்டினால் கடல்.

நானூறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். கோவிந்தசாமி தட்டைப் பிடித்தபடி சிலையாக நின்றார். அவருடைய வருஷக்கணக்கான உழைப்பு மாலை போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அது என் மூன்று மாதமும்தான். எனக்குள் என்ன ஆனதென்று இன்று வரை தெரியாது.

"இன்னா வேடிக்கை பாத்துக்கினு நிக்கிறீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். "ஏழு பேரு அந்தாண்டப் பக்கம் எறங்குங்க. மூக்கைத் திருப்புங்க, இழுக்காதீங்க, திருப்புங்க. யோவ், தட்டைக் கீழ வெச்சுட்டுக் கயித்தப் புடியா. வெள்ளச் சட்டை, நீ இன்னாத்துக்கு நிக்கிறே, நீந்தி வர்ற பூனையைப் புடி."

இறங்கினார்கள். திருப்பினார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தவர் கோவிந்தசாமி. சுண்ணாம்புக்குளத்து மாப்பிள்ளை ஒரு சிவப்புப் பூனையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான். பூனை அவன் இஸ்திரியை முடித்துவிட்டது.

இதற்குள் பயந்துபோன ஜமால் தண்ணீரில் குதித்துவிட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது. "தேசப்பா, போறேன்டா, கடைய என் தம்பிக்குக் குடுத்துடு," என்று கத்தினான். நான் கிடார் உடம்பை அவன் பக்கம் வீசினேன். பைன் மரம் தக்கை மாதிரி மிதந்தது. ஜமால் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு பூனையோடு, கண்ணீர் விட்டபடி மிதந்து வந்தான். கரையிலிருந்து அஞ்சலைதான் சொன்னாள்.

"அண்ணே, எழுந்து நில்லு."

எழுந்து நின்றான். தண்ணீர் இடுப்பளவு.

படகைக் கரைக்கு இழுத்துக் கட்டிய பிறகு கோவிந்தசாமி நனைந்த வேட்டியோடு என்னிடம் வந்தார்.

"என்னையா 'யோவ்'னே?"

போன கூச்சம் ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் அம்மா பக்கம் திரும்பினார்.

"வாய் இருக்குதும்மா. உள்ள எங்கியோ பத்திரமா வெச்சிருக்கான். வேணுங்கும்போது எடுக்கிறான். அது போதும்." பிறகு படகைப் பார்த்தார். "இதுக்கு அவசரம், தானே எறங்கிடுச்சு. நல்ல படகு. பூசணிய இப்ப ஒடைங்க."

பெயிண்டைக் கழுவ அஞ்சலை குடத்தோடு வந்து என் கையில் தண்ணீர் ஊற்றினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னும் ஊத்தட்டா?" என்றாள். போதும் என்று நான் சொல்லவில்லை. குடம் காலியாகும் வரை சொல்லவில்லை.

ஜமால் என்னோடு பதினைந்து நாள் பேசவில்லை. கிடார் கழுத்து ஏரியோடு போனது. உடம்பு மட்டும் இருக்கிறது. கொஞ்ச காலம் மாமனார் படகில் கயிறு கட்டி மிதவையாகத் தொங்கியது. இப்போது எங்கள் அடுப்படியில் மீன் நறுக்குகிற பலகை. இன்று வரை ஒரு புழு அண்டவில்லை. (நான் சொன்னேன், யார் கேட்டார்கள்?) ரேஷன் கடையிலோ, பள்ளிக்கூடத்திலோ நான் பேச முடியாமல் விழித்துக்கொண்டு நின்றால், அஞ்சலை பின்னாலிருந்து மெதுவாக, "பூனை வருது," என்பாள். என் பிள்ளைகள், "நைனா பேசப் போறாரு, கயித்தப் புடிங்க," என்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். வாயும் வந்துவிடும்.

இதுவரை எழுதியதைக் குமாரி சத்தமாகப் படித்தாள். முடித்துவிட்டு, "அஞ்சு பூனைதானா நைனா? ஜமால் மாமா இருபத்திரண்டுன்னாரே," என்று ஏமாற்றமாகக் கேட்டாள்.

அடுப்படியிலிருந்து அஞ்சலை சொன்னாள். "ரெண்டும் இல்ல. ஆறு. ஒண்ணு எங்க நைனா வேட்டியைப் புடிச்சுக்கினு தொங்கிச்சு. உங்கப்பன் அந்தாண்ட பாத்துக் கத்திக்கினு இருந்தாரு, கவனிக்கல."

பதினாறு வருடம் இதை என்னிடம் சொல்லவில்லை. சரி, திருத்திக்கொள்கிறேன். பூனைகள் ஆறு.

15-10-1989, ஞாயிற்றுக்கிழமை.